பி.இ. ஏழு என்றால் மலிவா? – கிராணி பதில்கள்

இந்த மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பங்குச் சந்தை பற்றித்தான். கைப்பேசியிலேயே பங்கு வாங்கலாம் என்று ஆன பிறகு மண்டோர் முதல் கல்லூரி மாணவர் வரை எல்லாரும் முதலீட்டாளர். நல்லதுதான். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கணக்கைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். எந்தப் பங்கை வாங்குவது என்று கேட்டவர்களின் கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டேன், அதைச் சொல்ல உரிமம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கிராணி ஐயா, நான் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். 2022-இல் பாமாயில் விலை உச்சத்தில் இருந்தபோது ஒரு தோட்டக் கம்பெனியின் பங்கை வாங்கினேன். பி.இ. வெறும் ஏழுதான், மற்றதெல்லாம் பதினைந்து இருபதில் இருக்கிறது, இதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது என்று கூட்டாளி சொன்னான். வாங்கிய பிறகு விலை இறங்கியது. ஆனால் அடுத்த வருடம் பார்த்தால் பி.இ. பதினாறு என்று காட்டியது. விலை இறங்கினால் பி.இ.யும் இறங்கத்தானே வேண்டும்? – லிந்தாங் வாசகர்

தம்பி, உங்கள் கூட்டாளி பொய் சொல்லவில்லை. ஏழு என்றது ஏழுதான். எந்த வருடத்து லாபத்தை வைத்துப் போட்ட ஏழு என்று அவரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

பி.இ. என்பது பங்கின் விலையை, ஒரு பங்குக்கு ஒரு வருடத்தில் கிடைத்த லாபத்தால் வகுப்பது. அவ்வளவுதான். மேலே விலை, கீழே லாபம். விலை கொஞ்சம் இறங்கி, லாபம் பாதிக்கு மேல் இறங்கினால் விடை ஏறத்தான் செய்யும். உங்கள் பங்குக்கு நடந்தது அதுதான்.

2022 எப்படிப்பட்ட வருடம் என்று லாரி ஓட்டிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உக்ரேன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைபட்டது, ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே சில வாரங்களுக்கு நிறுத்தியது, இங்கேயோ வெட்ட ஆள் இல்லாமல் குலை மரத்திலேயே பழுத்துக் கொட்டியது. கச்சா பாமாயில் அந்த வருடச் சராசரியாக டன்னுக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) என்ற அளவைத் தாண்டியது. 2019-இல் அதே எண்ணெய் ஏறக்குறைய 2,080 வெள்ளி. ஒரு டன் எண்ணெய் எடுக்கக் கம்பெனிக்கு 1,800 வெள்ளி செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் மிச்சம் 280 வெள்ளி. 2022-இல் உரமும் கூலியும் ஏறி, செலவு 2,400 ஆனது என்றாலும் மிச்சம் 2,600 வெள்ளி. எண்ணெய் விலை இரண்டரை மடங்குகூட ஆகவில்லை, மிச்சமோ ஒன்பது மடங்கு. வரி கிரி கழிக்காத கணக்கு இது, இருந்தாலும் உங்களுக்குப் புரிந்திருக்கும். தோட்டம் அதே தோட்டம், மரம் அதே மரம். அந்த ஒரு வருட லாபத்தை எடுத்து, இந்தக் கம்பெனி எப்போதும் இவ்வளவு சம்பாதிக்கும் என்று எண்ணி வகுத்தால் ஏழு வரும்.

இதற்கு ஒரு பழைய மருந்து இருக்கிறது. ஒரு வருட லாபத்தை விட்டுவிட்டு, கடந்த பத்து வருட லாபத்தையும் எடுங்கள். ஒவ்வொரு வருட லாபத்தையும் பணவீக்கத்துக்கு ஏற்றபடி இன்றைய வெள்ளி மதிப்புக்கு உயர்த்துங்கள். பிறகு பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி. இன்றைய பங்கு விலையை அந்தச் சராசரியால் வகுங்கள்.

நானாக எண்களைப் போட்டு ஒரு தோட்டக் கம்பெனியைக் காட்டுகிறேன், இது எந்த நிஜக் கம்பெனியும் இல்லை. ஒரு பங்குக்கான லாபம் 2013 தொடங்கி 2022 வரை வரிசையாக 22, 20, 14, 18, 24, 10, 6, 16, 40, 60 காசு. 2022-இல் பங்கின் விலை 4 வெள்ளி 20 காசு. அந்த வருட லாபத்தால் வகுத்தால் ஏழு, கூட்டாளி சொன்ன அதே ஏழு. பத்து வருடத்தையும் அப்படியே கூட்டினால் 230 காசு, சராசரி 23 காசு. நம் நாட்டுப் பயனீட்டாளர் விலைக் குறியீட்டை வைத்து ஒவ்வொன்றையும் 2022 மதிப்புக்கு உயர்த்தினால், 2013-இன் 22 காசு 26 காசாகிறது, 2019-இன் 6 காசு ஆறே கால் ஆகிறது, இப்படியே போய்ச் சராசரி இருபத்து நாலரை காசு. 4 வெள்ளி 20 காசை இருபத்து நாலரையால் வகுத்துப் பாருங்கள், பதினேழு. இப்போது அது மலிவா? சாதாரண விலை, அவ்வளவுதான்.

இன்னும் சுவாரசியம் 2019-இல் இருக்கிறது. அப்போது அதே பங்கு 2 வெள்ளி 70 காசு, அந்த வருட லாபம் 6 காசு என்றால் பி.இ. நாற்பத்தைந்து. யாரும் தொட மாட்டார்கள். ஆனால் அப்போதைய பத்தாண்டுச் சராசரி லாபம் 18 காசு என்று வைத்தால் விடை பதினைந்து. ஆக, ஒரு வருடக் கணக்கு 2019-இல் யானை விலை என்றும் 2022-இல் தண்ணீர் விலை என்றும் சொன்னது. பத்தாண்டுக் கணக்கோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், சொல்லப்போனால் 2019-தான் கொஞ்சம் மலிவு என்றது. செம்பனை, ரப்பர், ஈயம், கப்பல், சிமெண்ட், விலை ஏறி இறங்கும் எந்தத் தொழிலுக்கும் இப்படித்தான்: பி.இ. மிகக் குறைவாகத் தெரியும் வருடம்தான் பெரும்பாலும் லாபத்தின் உச்சி. கொரியப் போர் சமயத்தில், 1950, 51-இல், ரப்பர் விலை ஏறியபோது தோட்டம் வாங்கியவர்களைக் கேட்டால் தெரிந்திருக்கும், அவர்கள் இப்போது இல்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் என்ற இருவர் 1934-லேயே, ஒரு வருட லாபத்தை நம்பாதீர்கள், குறைந்தது ஐந்து வருடம், முடிந்தால் ஏழு அல்லது பத்து வருடச் சராசரி எடுங்கள் என்று எழுதிவிட்டார்கள். 1929 சரிவில் அடிவாங்கிய தலைமுறை அது, எழுதாமல் என்ன செய்யும். பிறகு 1988-இல் ராபர்ட் ஷில்லரும் ஜான் கேம்பலும் அதில் பணவீக்கத் திருத்தத்தைச் சேர்த்து மொத்த அமெரிக்கச் சந்தைக்கும் கணக்குப் போட்டார்கள். ஷில்லருக்கு 2013-இல் நோபல் பரிசு கிடைத்தது. இணையத்தில் 'ஷில்லர் பி.இ.' என்றோ 'கேப் விகிதம்' என்றோ பார்த்தால் இதுதான்.

அவர்கள் கணக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு 2009 ஒன்று போதும். வங்கிகள் நஷ்டத்தை எழுதித் தள்ளியதில் எஸ் அண்ட் பி 500 என்ற பட்டியலில் இருக்கும் அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளின் மொத்த லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. அதனால் சாதாரண பி.இ. அந்த வருட நடுவில் நூறைத் தாண்டி நின்றது. அதைப் பார்த்தவன் சரித்திரத்திலேயே விலை உயர்ந்த சந்தை என்று ஓடியிருப்பான். அதே வருடம் மார்ச்சில் பத்தாண்டுக் கணக்கு காட்டியது சுமார் பதின்மூன்று, அதாவது நூறாண்டுக்கு மேலான சராசரியான பதினாறு பதினேழைவிடக் குறைவு. எது சரி என்று அடுத்து வந்த வருடங்கள் காட்டின.

உங்கள் பங்கை விற்பதா வைப்பதா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கம்பெனியின் பத்து வருடக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். எப்படி என்று கீழே இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பத்து வருடச் சராசரி சரி. அதில் பணவீக்கத்தை எதற்கு இழுக்க வேண்டும்? மாணவர்களுக்குச் சராசரி சொல்லிக் கொடுக்கும் எனக்கே இது தலைசுற்றலாக இருக்கிறது. – தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

டீச்சர், 2013-இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி, 2025-இல் 1,700. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து "சராசரிச் சம்பளம் 1,300" என்று சொன்னால் உங்கள் மாணவனே கேட்பான், அன்றைய வெள்ளியும் இன்றைய வெள்ளியும் ஒன்றா என்று. பங்கின் விலை இன்றைய வெள்ளியில் இருக்கிறது, லாபம் மட்டும் பழைய வெள்ளியில் இருந்தால் கணக்கு கோணலாகும், அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக: பழைய லாபம் சின்னதாகத் தெரியும், பங்கு உண்மையைவிட விலை கூடினதாகத் தெரியும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நம் நாட்டில் இந்தத் திருத்தம் பெரிய ஆளில்லை. மேலே லாரித் தம்பிக்குப் போட்ட கணக்கில் 23 காசு இருபத்து நாலரை ஆனது, ஏழு விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மலேசியப் பணவீக்கம் 2022-இல் 3.3 விழுக்காடு, 2023-இல் 2.5, 2024-இல் 1.8, கோவிட் பிடித்த 2020-இலோ விலைவாசி கொஞ்சம் இறங்கியே போனது. அதனால் நேரம் இல்லாதவர் திருத்தம் செய்யாமல் சராசரி எடுத்தாலும் இங்கே தலை போகாது. ஆனால் 1980-இல் அமெரிக்காவில் பணவீக்கம் பதின்மூன்று விழுக்காட்டைத் தாண்டியது. அந்த மாதிரிக் காலத்தில் திருத்தாமல் பத்து வருடத்தைக் கூட்டுவது மூட்டை அரிசியையும் கிலோ அரிசியையும் சேர்த்து எண்ணுவது போல. ஷில்லர் அங்கே உட்கார்ந்து எழுதியவர், அவருக்கு அது முக்கியம்.

செய்யும் முறை சுலபம். புள்ளிவிவரத் துறை ஒவ்வொரு வருடமும் பயனீட்டாளர் விலைக் குறியீட்டை வெளியிடுகிறது. கடைசி வருடக் குறியீட்டை அந்தப் பழைய வருடக் குறியீட்டால் வகுத்து, வரும் எண்ணால் அந்த வருட லாபத்தைப் பெருக்குங்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சிக் கணக்கு, வேண்டுமானால் கொடுத்துப் பாருங்கள்.

அண்ணே, கையுறைக் கம்பெனிப் பங்கு 2021-இல் பி.இ. மூன்று நான்குக்கு வந்தபோது வாங்கி மாட்டிக்கொண்டேன். நீங்கள் சொல்லும் பத்தாண்டுக் கணக்கை இப்போது போட்டுப் பார்த்தேன், இன்னும் ரொம்ப மலிவாகத்தான் காட்டுகிறது! இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடலாமா? – குவாலா கங்சார் வாசகர்

அவசரப்படாதீர்கள். இங்கேதான் இந்தக் கணக்கே காலை வாரும்.

டாப் குளோவ் கணக்கு எல்லாருக்கும் தெரிந்தது, அதையே எடுத்துக்கொள்வோம். கோவிட்டுக்கு முந்தைய 2019 நிதியாண்டில் அதன் லாபம் சுமார் 36 கோடி வெள்ளி. 2021 நிதியாண்டில் 700 கோடி வெள்ளிக்கும் மேல், ஏழு பில்லியனுக்கு மேல்! 2022-இல் இருபது சொச்சம் கோடிக்கு விழுந்தது, 2023-இல் பெரிய நஷ்டம். பங்கு விலை 2020 அக்டோபரில் 9 வெள்ளியைத் தாண்டியிருந்தது, 2022 கடைசியில் 1 வெள்ளிக்குக் கீழே. நீங்கள் பார்த்த "மூன்று நான்கு" அந்த 700 கோடியால் வகுத்தது.

இப்போது பத்தாண்டுச் சராசரி எடுத்தால் அந்த ஒற்றை வருடம் உள்ளே உட்கார்ந்திருக்கும். மற்ற ஒன்பது வருடமும் முப்பது கோடி என்றே வையுங்கள், 270 கோடி. அதோடு 700 கோடியைச் சேர்த்துப் பத்தால் வகுத்தால் 97 கோடி. கம்பெனி சாதாரணமாகச் சம்பாதிக்கும் முப்பதைப்போல் மூன்று மடங்கு! அந்த 2021 வருடம் 2030 வரைக்கும் பத்தாண்டுக் கணக்கிலிருந்து போகாது. அதுவரைக்கும் யார் கணக்குப் போட்டாலும் மலிவு மலிவு என்றே காட்டும், பிறகு 2031-இல் ஒரே நாளில் விலை கூடிவிட்டதாகக் காட்டும். கம்பெனியில் ஒன்றும் நடந்திருக்காது.

நான் இந்த மாதிரிக் கம்பெனிக்குச் சராசரி எடுக்க மாட்டேன். பத்து வருட லாபத்தையும் சின்னதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி நடுவில் இருக்கும் இரண்டின் சராசரியை எடுப்பேன். பெருந்தொற்று வருடம் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்ளும், நடுவைத் தொடாது. நஷ்ட வருடத்தையும் விடாமல் சேருங்கள். நஷ்டத்தைத் தள்ளிவிட்டு லாபத்தை மட்டும் சராசரி எடுக்கும் சில ஆட்களை வாட்ஸ்அப் குழுக்களில் பார்க்கிறேன், அது கணக்கு இல்லை, ஆசை.

செம்பனைக்கும் 2022-ஐ இப்படித் தள்ள வேண்டுமா என்று யாராவது கேட்பீர்கள். தேவையில்லை என்பது என் எண்ணம். எண்ணெய் விலை 2008-இல் ஏறியது, 2011-இல் ஏறியது, 2022-இல் ஏறியது, இன்னொரு தடவையும் ஏறும். அது அந்தத் தொழிலின் இயல்பு, சராசரிக்குள் இருக்க வேண்டியதுதான். பெருந்தொற்றை நம்பித் தொழில் நடத்த முடியாது.

பத்து வருட லாபத்தை எங்கே போய்த் தேடுவது? காசு கொடுத்து வாங்க வேண்டுமா? அப்பா தோட்டத்தில் வேலை செய்த கம்பெனி, அதனால் அதன் பங்கை வாங்க ஆசை. – கல்லூரி மாணவி, பாடாங் ரெங்காஸ்

ஒரு காசும் வேண்டாம் மகளே. புர்சா மலேசியா என்ற நம் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் பட்டியலிடப்பட்ட எல்லாக் கம்பெனிகளின் ஆண்டறிக்கையும் இலவசமாகக் கிடைக்கும். பெரும்பாலான அறிக்கைகளில் ஐந்தாண்டு நிதிச் சுருக்கம் என்று ஒரு பக்கம் இருக்கும். இந்த வருட அறிக்கை ஒன்று, ஐந்து வருடத்துக்கு முந்தைய அறிக்கை ஒன்று, இரண்டையும் இறக்கினால் பத்து வருடம் கையில்.

எண்களை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். முதலில் பங்கின் எண்ணிக்கை. இடையில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்திருந்தால், அதற்கு முந்தைய வருடங்களின் ஒரு பங்குக்கான லாபத்தைப் பாதியாக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய வருடங்கள் கொழுத்துத் தெரியும். அப்புறம், 2018 வாக்கில் நம் தோட்டக் கம்பெனிகள் புதிய கணக்கியல் தரத்துக்கு மாறியபோது மறுநடவுச் செலவைக் காட்டும் விதம் பலவற்றில் மாறியது. ஆகவே அதற்கு முன்னும் பின்னும் உள்ள லாபம் ஒரே தராசில் நிறுத்தது இல்லை. பெரிய வித்தியாசமா சின்ன வித்தியாசமா என்று அந்த வருட அறிக்கையின் குறிப்புகளிலேயே போட்டிருப்பார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் நிலம். உங்கள் அப்பாவைக் கேளுங்கள், லயத்து வீடுகள் இருந்த எத்தனை இடத்தில் இன்று வீடமைப்புத் திட்டம் நிற்கிறது என்று. தோட்டக் கம்பெனி ஒரு துண்டு நிலத்தை விற்றால் அந்த வருட லாபம் சட்டென்று வீங்கும். எண்ணெய் விற்ற லாபமும் நிலம் விற்ற லாபமும் ஒரே எண்ணாகத்தான் சுருக்கப் பக்கத்தில் வரும். ஒரே நிலத்தை இரண்டு தடவை விற்க முடியாது என்பதால் அதைக் கழித்துவிட்டுத்தான் சராசரிக்குள் போட வேண்டும். பணப்புழக்க அறிக்கையிலும் குறிப்புகளிலும் தேடினால் கிடைக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பல கம்பெனிகளின் புத்தகத்தில் நிலம் எப்போதோ போட்ட விலையிலேயே கிடக்கிறது. பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டத்தின் மதிப்பு அதன் செம்பனை லாபத்தில் தெரியவே தெரியாது. நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன், வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுப் போன காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார். அந்த வருட ரப்பர் லாபத்தை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் அந்தச் சங்கம் பிறந்தே இருக்காது. நிலத்தின் கணக்கு வேறு, லாபத்தின் கணக்கு வேறு, இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

மரத்தின் வயதையும் பாருங்கள், ஆண்டறிக்கையில் அட்டவணை இருக்கும். நட்டு மூன்று வருடத்தில் காய்க்கத் தொடங்கும் செம்பனையை இருபத்தைந்து வருடம் வாக்கில் வெட்டி மறுநடவு செய்கிறார்கள். கடந்த பத்து வருடம் நன்றாகக் காய்த்த மரமெல்லாம் இப்போது கிழம் என்றால், அடுத்த பத்து வருடம் கடந்த பத்து மாதிரி இருக்காது. எவ்வளவு அழகாகச் சராசரி போட்டாலும் அது பின்னால் பார்க்கும் கணக்குதான். ஷில்லர் இதை மொத்தச் சந்தைக்குப் போட்டார், ஒரு கம்பெனி கெட்டால் இன்னொன்று எழும், கணக்கு தாங்கும். ஒற்றைக் கம்பெனிக்குப் போடும்போது, அந்தக் கம்பெனி பத்து வருடமாக அதே தொழிலில், ஏறக்குறைய அதே அளவில் இருந்ததா என்று பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. நடுவில் பாதித் தோட்டத்தை விற்றுவிட்டு ஹோட்டல் கட்டப் போன கம்பெனிக்கு இந்தக் கணக்கைப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

பத்தாண்டு விகிதம் உயர்ந்தால் விற்றுவிட வேண்டும், இறங்கினால் வாங்க வேண்டும், சரியா? – சுங்கை சிப்புட் வாசகர்

1996 டிசம்பரில் ஷில்லரும் கேம்பலும் அமெரிக்க மத்திய வங்கிக்கே போய், சந்தை விலை மிஞ்சிப் போய்விட்டது என்று சொன்னார்கள். அப்போது விகிதம் சுமார் இருபத்தெட்டு. இரண்டு நாள் கழித்து மத்திய வங்கித் தலைவர் கிரீன்ஸ்பான், அறிவுக்கு ஒவ்வாத உற்சாகம் பற்றிய அந்தப் பிரபலமான பேச்சைப் பேசினார். உலகமே நடுங்கியது, ஒரு நாளைக்கு. பிறகு சந்தை மூன்று வருடத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போய் இரட்டிப்பானது, 1999 கடைசியில் விகிதம் நாற்பத்து நான்கைத் தொட்டது. அதன் பிறகுதான் விழுந்தது. பேச்சைக் கேட்ட அன்றே விற்றவர் மூன்று வருடம் கோப்பிக் கடையில் தலை காட்டியிருக்க முடியாது. சந்தை எப்போது விழும், எப்போது ஏறும் என்று இந்த விகிதம் சொல்லாது. வாங்கும் விலை அதிகமா குறைவா என்று மட்டும் சொல்லும், அதுவும் தோராயமாக.

ஊழியர் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அதை எடுத்து நல்ல தோட்டப் பங்கில் போட்டால் என்ன? சும்மா கிடப்பதற்கு அது மேல் இல்லையா? – பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

சும்மா கிடக்கிறதா? அம்மா, சேமநிதி 2024-க்குக் கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. பணவீக்கம் 1.8-ஐக் கழித்தால் கையில் நிற்பது நாலரை.

பங்கின் பத்தாண்டு விகிதத்தைத் தலைகீழாகப் போட்டால் அதன் வருமான விழுக்காடு தெரியும். மேலே சொன்ன பதினேழு என்றால், நூறைப் பதினேழால் வகுக்க, கிட்டத்தட்ட 5.9. லாபத்தை ஏற்கெனவே பணவீக்கத்துக்குத் திருத்திவிட்டதால் இதில் மறுபடி கழிக்க வேண்டியதில்லை. ஆக நாலரைக்கு எதிராக ஐந்தே முக்கால் சொச்சம். ஒன்றேகால் புள்ளிக்கு மேல் கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த லாபம் முழுக்க உங்கள் கைக்கு வராது, பாதியைக் கம்பெனி மறுநடவு மாதிரியான வேலைகளுக்கு வைத்துக்கொள்ளும். பங்கு விலை பாதியாகவும் ஆகலாம். சேமநிதியில் போட்ட முதல் குறையாது, வழக்கமான சேமிப்புக்கு இரண்டரை விழுக்காடு சட்டப்படி உத்தரவாதமும் உண்டு.

ஓய்வு பெற இன்னும் சில வருடம்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வித்தியாசத்துக்காக நானாக இருந்தால் சேமநிதியை அசைக்க மாட்டேன். அதே பங்கு விகிதம் பத்துக்கு, அதாவது வருமானம் பத்து விழுக்காட்டுக்கு வந்தால் வேறு பேச்சு, அப்போதும் சேமநிதிப் பணம் வேண்டாம், சம்பளத்தில் மிஞ்சியதை மட்டும் போடுங்கள்.

புதிதாகப் பட்டியலாகும் ஒரு கம்பெனியின் பங்குக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். அதற்குப் பத்தாண்டுக் கணக்கு எப்படிப் போடுவது? – தம்பி ஒருவர், லிந்தாங்

போட முடியாது. அறிமுக அறிக்கையில் பொதுவாக மூன்று நான்கு வருடக் கணக்குதான் இருக்கும், அதுவும் கம்பெனி தன்னை விற்கத் தோதான வருடங்களாகவே இருக்கும். எந்த முதலாளியும் நஷ்ட வருடத்தில் பட்டியலுக்கு வர மாட்டார். அந்த மூன்றையும் அப்படியே சராசரி எடுக்காதீர்கள், அதில் மிகக் குறைந்த வருட லாபத்தால் விலையை வகுத்துப் பாருங்கள். அப்படியும் வாங்கத் தோன்றினால் விண்ணப்பியுங்கள்.